எழுத்தே இல்லாத காலத்தில் ஐரோப்பாவில் என்ன சாப்பிட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "7,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் கோதுமை பயிரிட்டார்கள், மாடு வளர்த்தார்கள், பாலிலிருந்து சீஸ் செய்தார்கள், நீள நீளமான வீடுகளில் வாழ்ந்தார்கள் என்று ஆவணப்படங்களில் அடித்துச் சொல்கிறார்கள். அப்போது எழுத்தே கிடையாது. இதில் எது நிஜம், எது கதை? வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களே விவசாயத்துக்கு மாறினார்களா, வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: தரைக்கு அடியில் கிடைக்கும் குப்பையை வைத்துக்கொண்டு இவ்வளவு தைரியமாகப் பேசலாமா? நியாயமான கேள்விதான். அந்தக் குப்பையைப் பொறுக்கும் கூட்டத்தில் நானும் ஒரு ஆள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

என் படிப்பு தொல்தாவரவியல். அகழாய்வுக் குழியிலிருந்து வரும் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் கரித்துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பத்து வருடத்துக்கும் மேலாகப் பிழைப்பு. பெரும்பாலும் ஜெர்மனி, செக் நாட்டு மண். அதனால் தானியத்தைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எலும்பு, டி.என்.ஏ. பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்து அறைக்காரர்களின் வேலை. அவர்கள் எழுதியதைப் படித்து, அவர்களோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்த மண்ணைக் கரைக்கும் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பத்து லிட்டர் வாளி நிறைய மண். தண்ணீர் ஊற்றிக் கையால் மெல்லக் கலக்கினால் களிமண் கரைந்து கீழே போகும், கரி மேலே வரும். அந்தத் தண்ணீரை 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தினால் ஒரு வாளி மண்ணுக்கு ஒரு தேக்கரண்டிக் கறுப்புத் தூள் மிஞ்சும். பாதி நாள் அதில் புல் வேரும் நத்தை ஓடும்தான். நல்ல நாளில் பத்துப் பதினைந்து தானியம் இருக்கும். ஏழாயிரம் வருடம் ஒரு தானியம் சாதாரண மண்ணில் தாங்க வேண்டுமானால் அது கருக வேண்டும், ஆனால் சாம்பலாகக் கூடாது. அடுப்பில் தவறி விழுந்தது, வறுக்கும்போது தீய்ந்தது, வீடு எரிந்தபோது மூட்டமாகப் புகைந்தது, இவைதான் என் மேசைக்கு வருகின்றன. வெற்றிகரமாகச் சமைத்துச் சாப்பிட்ட சோறு வருவதேயில்லை. சமையலில் நடந்த விபத்துகளின் பட்டியலைத்தான் நாங்கள் உணவுப் பட்டியல் என்று அழைக்கிறோம்.

நடு ஐரோப்பாவின் முதல் விவசாயிகளை அவர்களுடைய பானையில் கீறிய கோட்டுப் பட்டைகளை வைத்து ஜெர்மன் மொழியில் 'லீனியர்பாண்ட்கெராமிக்' என்பார்கள். சுருக்கமாக எல்பிகே. கி.மு. 5500 வாக்கில் மேற்கு ஹங்கேரிப் பக்கம் தொடங்கி, கி.மு. 5100 வாக்கில் பாரிஸ் சுற்றுவட்டாரம் வரை போய்விட்டார்கள். இவர்களுடைய குழிகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை ஐன்கார்ன், எம்மர் என்ற இரண்டு பழைய கோதுமை வகைகள், பட்டாணி, அதைவிடக் கொஞ்சம் குறைவாக மசூர், அப்புறம் ஆளி விதை. எம்மர் வேறு எதுவுமில்லை, மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் இன்றும் விளையும் கப்ளி கோதுமைதான். ஐன்கார்ன் மணி நுண்ணோக்கியின் கீழ் ஒல்லியாக, இரண்டு முனையும் கூராக, வயிற்றுப் பக்கமும் உப்பி, சின்னப் படகு மாதிரி இருக்கும். எம்மரின் வயிறு தட்டை, முதுகில் கூன். ஒரு கதிர்மணிக்குள் இரண்டு விதை வைக்கும் ஐன்கார்ன் வகை ஒன்று உண்டு, அது எங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது.

இந்த இரண்டு கோதுமையும் நெல்லைப் போல உமியை விடாது. கதிரடித்தால் மணி உதிராது, உமியோடு சேர்ந்த துண்டாகத்தான் உடையும். அதைக் குத்திப் புடைத்துத்தான் அரிசி எடுக்க வேண்டும். அதனால் மணியைவிட உமியின் அடித்தண்டுதான் குழிகளில் குவியல் குவியலாகக் கிடைக்கும், புடைத்த உமியை யாரோ அடுப்பில் போட்டதால். அந்த அடித்தண்டில் ஒரு தழும்பு இருக்கும். காட்டுப் பயிரில் கதிர் முற்றியதும் தானே உதிரும், கணு வெட்டியதுபோல வழவழப்பாக இருக்கும். மனிதர் வளர்த்த பயிரில் அது உதிராது, அடித்துப் பிரித்தால் பிய்ந்த தழும்பு விழும். எல்பிகே உமியில் நான் பார்த்ததெல்லாம் பிய்ந்த தழும்பு. எம்மரின் காட்டு மூதாதை மேற்காசியாவில் மட்டுமே வளர்வது, ஐரோப்பாவில் கிடையாது. செம்மறி, வெள்ளாட்டின் காட்டு இனங்களும் அப்படித்தான். ஆகவே விதையும் ஆடும் வெளியிலிருந்து வந்தன என்பதில் சந்தேகமே இல்லை. இது ஊகம் இல்லை, தாவரவியல்.

விதை வந்தது சரி, ஆள் வந்தாரா? நான் படித்த காலத்தில் இதைப் பற்றி வகுப்பறையில் குரல் உயரும். பக்கத்து வேட்டையாடிகள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பது ஒரு கட்சி, அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கி) குடும்பம் குடும்பமாக நகர்ந்து வந்தார்கள் என்பது இன்னொரு கட்சி. பானையை வைத்து இதைத் தீர்க்க முடியாது, பானையை யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். தீர்த்தது டி.என்.ஏ. நடு ஐரோப்பாவின் முதல் விவசாயிகளின் எலும்பும் அதற்கு முந்தைய வேட்டையாடிகளின் எலும்பும் தொடர்ச்சியில்லாதவை என்று 2009இல் தாய்வழி மரபணுவை வைத்துக் காட்டினார்கள். 2016இல் துருக்கியின் மேற்குப் பகுதியிலும் கிரேக்கத்திலும் கிடைத்த எலும்புகளின் முழு மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டபோது வம்சாவளி நேராக அங்கே போனது. எனவே நடு ஐரோப்பாவைப் பொறுத்தவரை ஆட்கள்தான் வந்தார்கள். வேட்டையாடிகளின் கலப்பு ஆரம்பத்தில் சொற்பம், பிந்தைய நூற்றாண்டுகளில் கூடுகிறது.

ஆனால் இதை ஐரோப்பா முழுவதற்கும் நீட்டிவிடாதீர்கள். பால்டிக் கரையோரத்து வேட்டையாடிகள் பானை செய்யக் கற்றுக்கொண்டும் நெடுங்காலம் விவசாயம் பக்கமே திரும்பவில்லை. டென்மார்க்கிலும் பிரிட்டனிலும் பயிர் கி.மு. 4000 வாக்கில்தான் நுழைகிறது. அதாவது எல்பிகே மக்கள் வட ஜெர்மனிச் சமவெளியின் விளிம்புக்கு வந்து, அங்கே ஆயிரம் வருடம் போல நின்றுவிட்டார்கள். லோயஸ் என்ற காற்று கொண்டுவந்து சேர்த்த மெல்லிய வண்டல் மண் அங்கே முடிகிறது என்பது ஒரு காரணம். வடக்குக் கடற்கரையில் மீனும் சிப்பியும் தாராளமாகக் கிடைத்ததால் அங்கிருந்தவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவைப்படவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் நல்ல காரணங்கள்தான். ஆயிரம் வருடத்துக்கு இவை மட்டும் போதுமா என்றால், போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

வீடுகளுக்கு வருவோம். இங்கேதான் எங்கள் துறை அசிங்கப்பட்ட கதை ஒன்று உண்டு. கொலோன் நகருக்குப் பக்கத்தில் லிண்டென்தால் என்ற இடத்தில் 1929 முதல் 1934 வரை தோண்டினார்கள். ஒரு முழுக் கிராமத்தைத் தோண்டிப் பார்த்த முதல் பெரிய வேலைகளில் அது ஒன்று. அங்கே இரண்டு வகைத் தடம் இருந்தது. ஒன்று, வரிசை வரிசையாகத் தூண் நட்ட கறுப்பு வட்டங்கள். இன்னொன்று, கோணல்மாணலான பெரிய குழிகள், உள்ளே உடைந்த பானையும் எலும்பும் கரியும். குழிக்குள் குப்பை இருப்பதால் மக்கள் குழிக்குள்தான் வாழ்ந்தார்கள், தூண் வரிசையெல்லாம் தானியக் களஞ்சியம் என்று எழுதிவிட்டார்கள். ஐரோப்பாவின் முதல் விவசாயி சேற்றுக் குழியில் சுருண்டு படுத்திருப்பது போன்ற படங்கள் பள்ளிப் புத்தகம் வரை போயின. 1940களில்தான் அது தலைகீழ் என்று புரிந்தது. குழி, சுவருக்குப் பூச மண் எடுத்த பள்ளம். பிறகு குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. தூண் வரிசைதான் வீடு.

அந்த வீடுகள் சின்னவை இல்லை. ஐந்து முதல் ஏழு மீட்டர் அகலம், நீளம் பத்து மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்கு மேலும். உள்ளே மூன்று வரிசைத் தூண், பக்கச் சுவருக்கு இரண்டு வரிசை. செக் நாட்டில் பிலானி என்ற ஊரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் தடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றவை அல்ல, ஒன்று இற்றுப்போனதும் பக்கத்தில் இன்னொன்று. நீளம், அகலம், தூண் இடைவெளி, இதெல்லாம் அளந்து பார்த்த உண்மை. ஆனால் அந்த வீட்டுக்குள் அடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஏழாயிரம் வருட உழவிலும் மழையிலும் அவர்கள் நடந்த தரையே அடித்துக்கொண்டு போய்விட்டது. நமக்குக் கிடைப்பது தரைக்குக் கீழே போன தூணின் அடிப்பாகம் மட்டும். ஒரு முனையில் மாடு கட்டினார்கள், மறுமுனையில் பரண் மேல் தானியம் வைத்தார்கள் என்று அருங்காட்சியக மாதிரிகளில் பார்ப்பீர்கள். பரண் இருந்திருக்கலாம், அந்த முனையில் தூண்கள் இரட்டையாக நெருக்கமாக நிற்பதால் அப்படி யோசிக்கிறார்கள். மாடு கட்டிய இடம் என்பதற்கு மண்ணில் சாணம் விட்டுப்போகும் பாஸ்பேட் என்ற உப்பைத் தேடிப் பார்த்தும் தெளிவாக எதுவும் கிடைத்தபாடில்லை. மாதிரி செய்பவர்களுக்கு மாடு வைத்தால் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்களுடைய மரவேலையை நேரில் பார்க்க ஒரே வழி கிணறு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மரம் மட்காது. ஜெர்மனியில் குக்ஹோவன் என்ற இடத்தில் 1990இல் ஒரு கிணறு கிடைத்தது, சுற்றுச்சுவர் முழுக்க ஓக் பலகை. மர வளையத்தை எண்ணி, மரம் வெட்டப்பட்ட காலம் கி.மு. 5090 வாக்கு என்று சொல்லிவிட்டார்கள். இரும்போ செம்போ இல்லாத காலம். கல் வாய்ச்சியால் செதுக்கி, பலகைகளை மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறக்கியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனிக் கிணறுகளில் துளையும் நாக்குமாகச் செருகி ஆப்பு அடித்த மூட்டுகளே உண்டு. நம் ஊர் ஆசாரி ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினால் குறை சொல்ல மாட்டார். இந்தக் கிணறுகளைப் பார்த்த பிறகு, தரைக்கு மேலே நின்ற வீடு எப்படி இருந்திருக்கும் என்று நான் முன்பு மனதில் வைத்திருந்த படம் ரொம்ப முரட்டுத்தனமானது என்று புரிந்தது.

ஊரில் யார் உள்ளூர், யார் வந்தவர் என்பதற்குப் பல் எனாமலில் ஒரு வழி இருக்கிறது. சிறு வயதில் எந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிட்டோமோ அதிலிருக்கும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் பல்லில் பதிந்துவிடும், பிறகு மாறாது. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை இப்படிப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். கல் வாய்ச்சியோடு புதைக்கப்பட்ட ஆண்கள் பெரும்பாலும் நல்ல லோயஸ் மண்ணிலேயே வளர்ந்தவர்கள். பெண்களின் பல்லில் வெளியூர் மண்ணின் கலப்பு அதிகம். பெண் புகுந்த வீட்டுக்குப் போனாள், நல்ல நிலம் சில குடும்பத்து ஆண்கள் கையிலேயே தங்கியது என்பது விளக்கம். எண்கள் உறுதி; விளக்கத்தை நான் ஏற்கிறேன், ஆனால் மேய்ச்சலுக்குப் போய் வந்தாலும் பல் குழம்பும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் சாதுவான மக்கள் என்ற பழைய பேச்சு மட்டும் இனி எடுபடாது. டால்ஹைம் என்ற ஊரில் 1983இல் ஒரு குழியில் 34 பேரின் எலும்பு கிடைத்தது, குழந்தைகள் உட்பட. பெரும்பாலானவர்களின் மண்டையில் இதே மரவேலை வாய்ச்சியின் வெட்டு.

நிலத்தை எப்படி உழுதார்கள் என்பதில் எங்கள் கருத்து முழுக்க மாறிவிட்டது. காட்டை எரித்து, இரண்டு மூன்று போகம் எடுத்து, மண் சலித்ததும் அடுத்த காட்டுக்குப் போனார்கள் என்பதுதான் பழைய பாடம். அதை உடைத்தது களை. அறுத்த கதிரோடு வந்து கருகிப்போன களை விதைகளை ஒவ்வொன்றாக இனம் பார்த்து, அந்தக் களை இன்று எந்த மாதிரி நிலத்தில் முளைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார் தொல்தாவரவியலாளர் ஏமி போகார்ட். புதிதாக எரித்த காட்டில் முளைக்கும் களைகள் இல்லை. வருடா வருடம் கொத்தி, எரு போட்டுப் பார்த்துக்கொண்ட தோட்டத்துக் களைகள்தான் இருந்தன. பிறகு அவரும் சகாக்களும் கரித்தானியத்தின் நைட்ரஜன் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை மாறிய வகைகளை) அளந்தார்கள், 2013இல் வெளிவந்தது. சாணம் போட்ட நிலத்துத் தானியத்தில் கனமான நைட்ரஜன் கூடும். பல ஊர்த் தானியங்களில் அது கூடியிருந்தது. எரு போடுகிறவன் அடுத்த வருடம் ஊரைக் காலி செய்ய மாட்டான். ஆகவே வீட்டை ஒட்டிய சின்ன நிலம், கை உழைப்பு, மாட்டுச் சாணம் என்ற படம் இன்று பலமாக நிற்கிறது. எல்லா ஊரிலும் எல்லா நிலத்துக்கும் எரு போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதே நைட்ரஜன் எலும்புக்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தகராறைக் கிளப்பியது. மனித எலும்பில் கனமான நைட்ரஜன் கூடினால் இறைச்சியும் பாலும் நிறையச் சாப்பிட்டவர் என்று படிப்பது வழக்கம். தானியத்திலேயே எருவால் அது கூடியிருந்தால்? பாதிக் கணக்கு கவிழ்ந்துவிடும். கஞ்சி குடித்தவரை மாட்டுக்கறி தின்றவர் என்று எழுதிவிடுவோம். ஜெர்மனியில் ஃபைஹிங்கன் என்ற எல்பிகே ஊரில் தானியம், மாட்டெலும்பு, மனித எலும்பு மூன்றையும் ஒன்றாக அளந்து பார்த்தபோதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. எனவே 'இவர்களின் உணவில் இத்தனை சதவீதம் இறைச்சி' என்று பழைய கட்டுரைகளில் வரும் எண்களை நான் மேற்கோள் காட்டுவதே இல்லை.

கார்பன் ஐசோடோப்பு அப்படிக் குழப்பாது, அது ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது: கடலா, நிலமா? கடல் மீனையே தின்றவரின் எலும்பு கார்பன் அளவுகோலில் மைனஸ் 12 பக்கம் நிற்கும், நிலத்து உணவுக்காரர் மைனஸ் 20 பக்கம். டென்மார்க்கிலும் பிரிட்டன் கரையோரத்திலும் வேட்டைக் காலத்து எலும்புகள் பல கடல் பக்கம் இருக்கின்றன; கி.மு. 4000க்குப் பிறகு வந்தவர்கள் கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் நிலத்துப் பக்கம் தாவிவிடுகிறார்கள். பிரிட்டனைப் பொறுத்தவரை இதைப் பானையும் உறுதி செய்தது. புதிய கற்காலம், அதாவது விவசாயம் வந்த பிறகான கற்காலத்துப் பானைகளில் பால் கொழுப்பு நிறைய, மீன் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. தீவில் இருந்துகொண்டு மீனைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள், எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. ஆனால் டென்மார்க் பக்கம் அதே காலத்துப் பானைகள் பலவற்றில் மீன் தொடர்ந்து சமைத்த தடம் இருக்கிறது. எலும்பு 'மீன் நின்றுவிட்டது' என்கிறது, பானை 'இல்லை' என்கிறது. எலும்பு பல வருடச் சராசரி, கொஞ்சமாகச் சாப்பிட்ட மீன் அதில் தெரியாது. பானையில் ஒரு நாள் சமைத்தாலும் கறை நிற்கும். இரண்டும் பொய் சொல்லவில்லை.

பால் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பானைச் சுவரின் நுண்துளையில் கொழுப்பு ஊறி நின்றுவிடும். அதில் ஸ்டியரிக் அமிலத்தின் கார்பன் விகிதம் பாலுக்கும் இறைச்சிக் கொழுப்புக்கும் வேறு வேறு, அதை வைத்துப் பிரிக்கலாம். பசுவா ஆடா என்று மட்டும் சொல்ல முடியாது. போலந்தில் குயாவியா வட்டாரத்தில் துளை துளையாகக் குத்திய எல்பிகே ஓடுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. இது சீஸ் வடிகட்டி என்று தொல்லியலாளர் பீட்டர் பொகுக்கி 1980களிலேயே சொன்னார், தேன் வடிகட்டி, நெருப்புச் சட்டி என்று மற்றவர்கள் மறுத்தார்கள். 2013இல் அந்த ஓடுகளைச் சோதித்த முடிவு வெளிவந்தது: பால் கொழுப்பு. துளைச் சட்டியில் பாலை ஊற்றினால் ஒழுகிவிடும், திரிந்ததை ஊற்றினால்தான் நிற்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 2022இல் எல்பிகே பானையில் ஊறிய பால் கொழுப்பையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்து, கி.மு. 54ஆம் நூற்றாண்டிலேயே பால் கறந்தார்கள் என்று காட்டினார்கள். இத்தனைக்கும் அவர்களின் மரபணுவைப் பார்த்தால், வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. அது வெண்கலக் காலத்துக்கு அப்புறம்தான் பரவுகிறது. உறை ஊற்றித் தயிராக்கினால் அந்தச் சர்க்கரை குறையும் என்பது நமக்கு வீட்டிலேயே தெரிந்த சங்கதி. ஆனால் அவர்கள் பச்சைப் பாலே குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. வயிறு உப்பினாலும் பசிக்குக் குடித்திருப்பார்கள்.

இனி, எங்கள் மேல் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடத்தையும் நானே காட்டிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எல்பிகே குழி மண்ணில் எனக்கு ஒரு ரை தானியம் கிடைத்தது. பளபளவென்று, மூக்கு உடையாமல், அவ்வளவு அழகு. அந்தக் காலத்துக்கு ரை ரொம்ப அபூர்வம். மூன்று நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன், வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும், "அழகாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார். அந்த ஒற்றைத் தானியத்தையே கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பினோம். இடைக்காலத்துத் தானியம், வயது ஆயிரம் வருடம்கூட இல்லை. மண்புழுவோ எலியோ மேலடுக்கிலிருந்து கீழே தள்ளியிருக்கிறது. சுற்றியிருந்த பானை ஓடெல்லாம் அசல் எல்பிகேதான், தானியம் மட்டும் வந்தேறி.

என் கதை சின்னது. பனிவரகின் கதை பெரியது. வட சீனாவில் பயிரான தானியம் அது. ஐரோப்பாவில் பல புதிய கற்கால ஊர்களில் கிடைத்ததாகப் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள், சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் 7,000 வருடத்துக்கு முன்பே தொடர்பா என்று பெரிய பெரிய கேள்விகள் எழுந்தன. பிறகு அந்தத் தானியங்களையே ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார்கள். எல்லாம் கி.மு. இரண்டாவது ஆயிரத்தாண்டின் நடுப்பகுதிக்கும் அதற்குப் பின்னும் வந்து விழுந்தன. பனிவரகு மிகச் சின்னது, எலிவளையில் சுலபமாக இறங்கிவிடும். 2015இல் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் போல்ட்னர் கிளிஃப் என்ற, கடலுக்குள் மூழ்கிய இடத்துச் சேற்றில் 8,000 வருடப் பழைய கோதுமை டி.என்.ஏ. கிடைத்ததாக அறிவித்தார்கள், பிரிட்டனில் விவசாயம் வருவதற்கு இரண்டாயிரம் வருடம் முந்தி. அந்த டி.என்.ஏ.வில் பழையதற்குரிய சிதைவு போதவில்லை என்று சில மாதத்திலேயே மறுப்பு வந்தது. ஒரு கரித்தானியம் கிடைக்கும் வரை நான் மறுப்பவர்கள் பக்கம்.

பிரிட்டனில் இன்னொரு வழக்கும் நடக்கிறது. ஆரம்பத்தில் கோதுமை பயிரிட்டவர்கள் சில நூற்றாண்டுகளில் அதைப் பெரும்பாலும் கைவிட்டு, மாடு மேய்ப்புக்கும் ஹேசல் கொட்டைக்கும் திரும்பிவிட்டார்கள் என்று 2012இல் ஒரு வாதம் வந்தது. குழிகளில் தானியம் குறைந்து கொட்டை ஓடு கூடுவதுதான் ஆதாரம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கொட்டையின் ஓடு கழிவு, தின்றதும் நெருப்பில் எறிவார்கள், நன்றாகக் கருகும். தானியம் சாப்பாடு, அதை யாரும் வேண்டுமென்று எரிப்பதில்லை. ஒரு கூடைக் கொட்டை என் சல்லடையில் ஆயிரம் துண்டாக வரும், ஒரு மூட்டைத் தானியம் நாலு மணியாக வரும். ஓர்க்னித் தீவுகளில் பார்லி தொடர்ந்து விளைந்திருக்கிறது. மாற்றம் நடந்தது நிஜம் என்று நினைக்கிறேன், 'கைவிட்டார்கள்' என்பது பெரிய வார்த்தை.

ஒரே ஒரு ஆளின் வயிற்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு வாய்த்தது என்றால் அது ஊட்ஸி. 1991 செப்டம்பர் 19 அன்று ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனியிலிருந்து வெளிவந்தவர், கி.மு. 3350க்கும் 3100க்கும் இடையில் இறந்தவர். சுருங்கி மேலே விலா எலும்புக்குப் பின்னால் போயிருந்த அவருடைய இரைப்பையைக் கண்டுபிடிக்கவே பல வருடம் ஆயிற்று. 2018இல் வந்த ஆய்வின்படி கடைசியாகச் சாப்பிட்டது மலையாட்டு இறைச்சியும் கொழுப்பும், சிவப்பு மான் இறைச்சி, ஐன்கார்ன் கோதுமை. நச்சுத்தன்மையுள்ள ஒரு பெரணியின் துணுக்கும் இருந்தது. அதில் உணவைப் பொட்டலம் கட்டினாரா, குடலில் இருந்த சாட்டைப்புழுவுக்கு மருந்தாகத் தின்றாரா என்று பேசுகிறார்கள். யாருக்கும் தெரியாது. அவர் விவசாய சமூகத்து ஆள், மரபணுவும் அனத்தோலிய விவசாயி வழி. ஆனாலும் மலையேறிக்கொண்டிருந்த ஒருவரின் ஒரு வேளைச் சாப்பாடு அது. எல்பிகே காலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் பிந்தியது. 'புதிய கற்கால டயட்' என்று இதை வைத்துப் புத்தகம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சரி, கி.மு. 5200இல் ரைன் நதிப் பக்கம் ஒரு வீட்டில், பிப்ரவரி மாத இரவில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? எம்மரும் பட்டாணியும் வீட்டில் இருந்தன, இது உறுதி. உமியைக் குத்தியதும், திரிகைக் கல்லில் அரைத்ததும் உறுதி. அதை ரொட்டியாகச் சுட்டார்களா, கஞ்சியாகக் காய்ச்சினார்களா? சுவிஸ் ஏரிக்கரை ஊரான ட்வானில் முழு ரொட்டியே கருகிக் கிடைத்திருக்கிறது, ஆனால் அது கி.மு. 3500களைச் சேர்ந்தது. எல்பிகே வீட்டில் கஞ்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வளர்ந்த வீட்டுப் பழக்கம் என்னை அப்படி நினைக்க வைக்கிறதோ என்னவோ, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள். மாடு இருந்தது, பால் இருந்தது; பிப்ரவரியில் கறவை இருந்ததா என்பது கன்று ஈனும் பருவத்தைப் பொறுத்தது. இறைச்சி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எந்த எலும்பும் சொல்லாது.

கீரை சாப்பிட்டிருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன். எல்பிகே குழிகளில் மிக அதிகமாக வரும் களை விதைகளில் ஒன்று நம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் சக்கரவர்த்திக் கீரையின் விதை. தோட்டத்தில் தானாக முளைக்கிற அதைப் பறித்து வேகவைக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அந்த விதை கருகாமலே கறுப்பாகத்தான் இருக்கும். போன வருடம் விழுந்ததா, ஏழாயிரம் வருடத்துக்கு முன் விழுந்ததா என்று பார்க்க ஒவ்வொன்றாக ஊசியால் உடைத்து உள்ளே கரியா வெள்ளையா என்று பார்க்க வேண்டியிருக்கும். இலையோ, இதுவரை என் சல்லடையில் ஒன்றுகூட வந்ததில்லை.